அம்மா போன கையோட வந்த கணக்கு

கோவம் இன்னும் அடங்கல. அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

நான் இருக்கிறது அமெரிக்காவுல. (எந்த மாநிலம்னு சொல்லப் போறதில்ல. இது இன்னொருத்தர் வீட்டு விஷயம்.) எங்க பக்கத்து வீட்டுல ஒரு அம்மா இருக்காங்க. அறுபதை நெருங்குறாங்க. பள்ளிக்கூட கேன்டீன்ல வேலை. அவங்களைப் பெத்த அம்மா இந்த வருஷ ஆரம்பத்துல தவறிட்டாங்க. அடக்கம் முடிஞ்சு, வந்த சொந்தக்காரங்க எல்லாம் ஊருக்குக் கிளம்பினப்புறம், மாநில அரசாங்கத்துகிட்டேருந்து ஒரு லெட்டர் வந்துச்சு.

முதல் வரி, உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்.

அடுத்த பத்தி, உங்க அம்மாவோட வைத்தியத்துக்கு அரசு இவ்வளவு செலவு பண்ணியிருக்கு, அவங்க விட்டுட்டுப் போன சொத்துலேருந்து அதைத் திருப்பி எடுத்துக்கப் போறோம்.

தொகை ஆறு இலக்கம். டாலர்ல.

சொத்துன்னா பெருசா ஒண்ணுமில்ல. ரெண்டு பெட்ரூம் வச்ச பழைய வீடு ஒண்ணு. அந்த வீட்லதான் மகளும் குடியிருக்காங்க.

"இது நிஜமாவே கவர்மென்ட் அனுப்பினதா, இல்ல யாராவது ஏமாத்துறாங்களா? கொஞ்சம் பாத்துச் சொல்லேன்"னு லெட்டரை என் கையில கொடுத்தாங்க. எனக்கும் மோசடியா இருக்குமோன்னுதான் தோணுச்சு. துக்க வீட்டுல காசு பறிக்கிற கும்பல் இங்கேயும் உண்டு. அதனால லெட்டர்ல இருந்த நம்பரை விட்டுட்டு, மாநில அரசோட வெப்சைட்ல தேடி எடுத்த நம்பருக்குக் கூப்பிட்டோம். (உங்களுக்கு இப்படி எது வந்தாலும் இதே மாதிரி பண்ணுங்க.)

நிஜம்தான்னு சொன்னாங்க. சட்டப்படிதான் அனுப்பியிருக்காங்க.

இதுக்குப் பேரு மெடிக்கெய்ட் எஸ்டேட் ரெக்கவரி. (எஸ்டேட்னா இறந்தவங்க விட்டுட்டுப் போன சொத்து.) அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்சு, இதைப் பத்தி கிடைச்சதையெல்லாம் படிச்சேன். இங்கேயே பொறந்து வளர்ந்தவங்களுக்கே இது தெரியல. நம்ம ஆளுங்களுக்கு எங்கேருந்து தெரியும்? அதனால முதல்லேருந்து சொல்றேன்.

மெடிக்கேர், மெடிக்கெய்ட்னு ரெண்டு திட்டம். 1965 ஜூலை 30 அன்னிக்கு லிண்டன் ஜான்சன் ரெண்டுக்கும் ஒண்ணா கையெழுத்துப் போட்டார். மெடிக்கேர் முக்கியமா 65 வயசு தாண்டினவங்களுக்கு, அவங்க பணக்காரங்களா ஏழையான்னு பாக்காது. மெடிக்கெய்ட் வசதி இல்லாதவங்களுக்கு. அதுக்கு மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடுறாங்க, நடத்துறது மாநிலம்.

சரி, வயசானவங்களுக்குத்தான் மெடிக்கேர் இருக்கே, அப்புறம் எதுக்கு மெடிக்கெய்ட்னு கேப்பீங்க. சிக்கலே அங்கதான்.

மெடிக்கேர் ஆஸ்பத்திரிச் செலவைப் பாத்துக்கும், டாக்டரைப் பாத்துக்கும். ஆஸ்பத்திரியில படுத்துட்டு வந்தப்புறம் தேறி வர்றதுக்குன்னு நர்சிங் ஹோம்ல அதிகபட்சம் 100 நாள் வரைக்கும் கொடுக்கும். அதுலயும் முதல் 20 நாள்தான் முழுசா, அப்புறம் தினமும் நம்ம பங்கு ஒண்ணு இருக்கு. அதுக்கு மேல எதுவும் கிடையாது. குளிப்பாட்ட ஆள் வேணும், ஊட்டிவிட ஆள் வேணும், பாத்ரூம் கூட்டிட்டுப் போக ஆள் வேணும், இது வருஷக்கணக்கா வேணும்னா, அது மெடிக்கேர் கணக்குல வராது.

(நம்ம ஊர்ல நர்சிங் ஹோம்னா சின்ன ஆஸ்பத்திரி. இங்க அது முடியாதவங்க கடைசிக் காலம் வரைக்கும் தங்கிப் பராமரிப்பு வாங்குற இடம். அந்த அர்த்தத்துலதான் சொல்லிட்டு வர்றேன்.)

அந்த நர்சிங் ஹோமுக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல ஆகுது. மறதி நோய் வந்த ஒருத்தர் அஞ்சாறு வருஷம் அப்படி இருக்கலாம். எத்தனை பேரால அதைக் கையிலேருந்து கட்ட முடியும்? வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, தபால் ஆபீஸ்ல வேலை பாத்தவங்க, சின்னதா கடை வச்சிருந்தவங்க, எல்லாரும் சேமிப்பு கரையற வரைக்கும் கட்டிட்டு, கடைசியில மெடிக்கெய்ட் வாசலுக்குத்தான் வந்து நிக்கிறாங்க. நர்சிங் ஹோம்ல இருக்கிற 10 பேர்ல சுமார் 6 பேருக்கு மெடிக்கெய்ட்தான் பணம் கட்டுது. ஏழைகளுக்கான திட்டம்னு பேரு, ஆனா இந்த நாட்டு நடுத்தரக் குடும்பத்துக்கும் கடைசிக் காலத்துல அதை விட்டா வேற வழி இல்ல.

அந்த வாசல்ல என்ன கேப்பாங்க தெரியுமா? பெரும்பாலான மாநிலங்கள்ல, தனி ஆளா இருந்தா, கையில 2,000 டாலருக்கு மேல இருக்கக் கூடாது. நர்சிங் ஹோம் போனதும் பென்ஷன் பணம் அநேகமா அப்படியே அந்த ஹோமுக்குப் போயிடும். கைச்செலவுக்குன்னு மாசம் ஒரு சின்னத் தொகையை விட்டு வைப்பாங்க. மத்திய சட்டம் சொல்ற குறைந்தபட்சம் 30 டாலர். முடி வெட்டிக்க, ஒரு ஸ்வெட்டர் வாங்க, பேரனுக்குப் பிறந்தநாள் கார்டு வாங்க, எல்லாமே அதுக்குள்ள.

ஆனா வீடு மட்டும் இருக்கலாம். (அதுக்கும் மதிப்புல ஒரு உச்சவரம்பு இருக்கு, சாதாரண வீட்டை அது தொடாது.) "வீட்டை விக்க வேண்டாம்மா, இருக்கட்டும்"னு ஆபீஸ்ல சொல்லுவாங்க. கேக்கிறவங்களுக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கும்! அப்பாடா, வீடு தப்பிச்சுதுன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவாங்க.

தப்பிச்சது உயிரோட இருக்கிற வரைக்கும்தான்.

1993ல, கிளின்டன் காலத்துல, பட்ஜெட் பற்றாக்குறையைக் குறைக்கன்னு ஒரு பெரிய சட்டம் போட்டாங்க. அதுக்கு முன்னாடி, செத்தவங்க சொத்துலேருந்து மெடிக்கெய்ட் செலவை வசூல் பண்றதும் பண்ணாததும் மாநிலத்தோட இஷ்டம். இந்தச் சட்டம் அதைக் கட்டாயமாக்கிடுச்சு. 55 வயசுக்கு மேல ஒருத்தருக்கு நர்சிங் ஹோமுக்கோ, வீட்டுக்கே வந்து பண்ற நீண்டகாலப் பராமரிப்புக்கோ, அதோட சேர்ந்த ஆஸ்பத்திரி, மருந்துச் செலவுக்கோ மெடிக்கெய்ட் பணம் கட்டியிருந்தா, அவர் செத்தப்புறம் அவர் சொத்துலேருந்து மாநிலம் அதைத் திருப்பி வாங்கணும். இது தவிர, மாநிலம் விருப்பப்பட்டா 55 வயசுக்கு மேல ஆன மத்த எல்லா மெடிக்கெய்ட் செலவையும் சேத்து வசூலிக்கலாம்.

மாநிலங்களே இதை ஆசைப்பட்டு ஏத்துக்கலைங்கிறதையும் சொல்லணும். மேற்கு வர்ஜீனியா கோர்ட்டுக்கே போச்சு. எங்க ஜனங்க ஏழைங்க, ஒரு வீட்டைத் தவிர அவங்ககிட்ட எதுவும் இல்ல, அதையும் புடுங்கச் சொல்லி எங்களைக் கட்டாயப்படுத்தாதீங்கன்னு மத்திய அரசு மேலயே கேஸ் போட்டாங்க. 2002ல மேல்முறையீட்டு நீதிமன்றத்துல தோத்துட்டாங்க. மிச்சிகன் வருஷக்கணக்கா இழுத்தடிச்சுது. வசூல் பண்ணலேன்னா மெடிக்கெய்ட் பணத்துல கை வைப்போம்னு மத்திய அரசு மிரட்டினப்புறம்தான் 2007ல சட்டம் போட்டாங்க, அதுவும் நடைமுறைக்கு வர 2011 ஆச்சு. ஒரு மாநில அரசாங்கமே எனக்கு இந்தப் பணம் வேண்டாம்னு சொல்லியும் விடல.

சட்டத்துல கொஞ்சம் ஈரமும் இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். புருஷனோ பொண்டாட்டியோ உயிரோட இருந்தா அவங்க இருக்கிற வரைக்கும் வசூலிக்கக் கூடாது. 21 வயசுக்குக் கீழ பிள்ளை இருந்தா கூடாது. கண்பார்வை இல்லாத பிள்ளை, இல்ல நிரந்தரமா ஊனமான பிள்ளை இருந்தா, என்ன வயசானாலும் கூடாது. ஆனா புருஷன் பொண்டாட்டி விஷயத்துல பல மாநிலங்கள் கணக்கை மூடுறதில்ல, தள்ளித்தான் வைக்கிறாங்க. மிச்சம் இருக்கிறவரும் போனப்புறம் திரும்ப வந்து கேக்குறாங்க.

இப்போ, என்னை உண்மையிலேயே கொதிக்க வச்ச இடத்துக்கு வர்றேன்.

ஆறு இலக்கத் தொகைன்னு சொன்னேன் இல்ல, அதுக்கு விவரம் கேளுங்கன்னு பக்கத்து வீட்டு அம்மாகிட்ட சொன்னேன். எந்தத் தேதி, எந்த டாக்டர், எந்த மருந்துன்னு வரி வரியா. கேட்டு எழுதினோம். பதில் வரல. திரும்ப எழுதினோம், போன்ல கேட்டோம், வேற டிபார்ட்மென்டுக்கு மாத்திவிட்டாங்க, அங்கேருந்து இன்னொரு இடம். கடைசியில ஒரு கட்டு பேப்பர் வந்துச்சு.

பாத்தா, முதல் பாதி முழுக்க மாசா மாசம் ஏறக்குறைய ஒரே தொகை. டாக்டர் பேரு இல்ல, மருந்து பேரு இல்ல.

விஷயம் என்னன்னா, நிறைய மாநிலங்கள்ல மெடிக்கெய்டை நேரடியா நடத்துறது கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனிங்ககிட்ட ஒப்படைச்சுட்டு, ஆளுக்கு மாசம் இவ்வளவுன்னு அந்தக் கம்பெனிக்குக் கட்டிடுவாங்க. அந்த ஆள் அந்த மாசம் டாக்டரைப் பாத்தாரோ இல்லையோ, கம்பெனிக்குப் பணம் போயிடும். செத்தப்புறம் வசூல் பண்ற நேரத்துல, வைத்தியத்துக்கு ஆன செலவு கணக்குல வராது. கம்பெனிக்குக் கட்டின மாசத் தொகைதான் வரும். வீட்டுக்கு ஒரு நர்ஸ் வாரத்துல சில மணி நேரம் வந்துட்டுப் போயிருப்பாங்க. அதுக்கு ஆன செலவு கொஞ்சம். கம்பெனிக்குப் போனது அதைவிட எத்தனையோ மடங்கு. அந்த வித்தியாசத்தையும் சேத்து இறந்தவங்க வீட்டுலேருந்துதான் எடுக்குறாங்க.

படிச்சிட்டு அந்த அம்மா கேட்டாங்க, "அப்போ எங்க அம்மா வாங்காத வைத்தியத்துக்கும் நான் கட்டணுமா?"

நான் என்ன பதில் சொல்றது? ஆமாம்தான். பல மாநிலங்கள்ல இன்னிக்கும் அதுதான் விதி.

அன்னதானம்னு கூப்பிட்டு உக்கார வச்சுச் சோறு போட்டுட்டு, சாப்பிட்டவர் போய்ச் சேந்தப்புறம் அவர் வீட்டு வாசல்ல வந்து, இலைக்கு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு, அவர் வராத நாளைக்கும் இவ்வளவுன்னு கேட்டா நாம சும்மா இருப்போமா?

என் ஃபிரெண்ட் ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னேன். அவர் ஒத்துக்கல. "எங்க வரிப்பணம் அது. வீடு வச்சிருக்கிறவங்க வீட்டைப் பிள்ளைக்குக் கொடுத்துட்டு, செலவை மட்டும் ஊர் தலையில கட்டினா அது நியாயமா? வாடகை வீட்டுல இருக்கிறவன் கட்டுற வரியில இன்னொருத்தன் பிள்ளைக்கு வீடா?"ன்னார்.

நல்ல கேள்வி. நானும் ரொம்ப நேரம் யோசிச்சேன். பத்து லட்சம் டாலர் பங்களாவை வச்சுக்கிட்டு அரசாங்கச் செலவுல இருந்துட்டுப் போறதுன்னா எனக்கும் கோவம் வரும்தான்.

ஆனா அந்தப் பங்களாக்காரர் மாட்டுறதே இல்லைங்க. அதுதான் விஷயம்.

அவருக்கு வக்கீல் இருக்கார். முதியோர் சட்டத்துக்குன்னே இங்க தனி வக்கீலுங்க உண்டு. மெடிக்கெய்டுக்கு விண்ணப்பிக்கிறதுக்கு முந்தின 5 வருஷத்துல சொத்தை யாருக்காவது சும்மா கொடுத்திருந்தா அபராதம் மாதிரி சில காலம் மெடிக்கெய்ட் கிடைக்காது, அதனால 5 வருஷத்துக்கு முன்னாடியே டிரஸ்ட் போட்டு வீட்டை அதுக்குள்ள வச்சிடுவாங்க. டெக்சாஸ், ஃப்ளோரிடா மாதிரி சில மாநிலங்கள்ல லேடி பேர்ட் டீடுன்னு ஒரு பத்திரம் இருக்கு. உயிரோட இருக்கிற வரைக்கும் வீடு முழுக்க உங்க கட்டுப்பாட்டுல இருக்கும், விக்கலாம், மாத்தி எழுதலாம். கண்ணை மூடின அடுத்த நிமிஷம் பிள்ளை பேருக்குப் போயிடும். உயில், புரோபேட் (இறந்தவர் சொத்தைக் கோர்ட் மூலமா வாரிசுக்கு மாத்துற நடைமுறை), கோர்ட் எதுவும் வேண்டாம். கோர்ட் வழியா வர்ற சொத்துல மட்டும் கை வைக்கிற மாநிலத்துல, அந்த வீட்டை அரசாங்கம் தொட முடியாது. இதெல்லாம் முழுக்க முழுக்க சட்டப்படி சரி. தெரிஞ்சவங்களுக்கு வீடு மிஞ்சும். தெரியாதவங்க, வக்கீல் ஃபீஸ் கட்ட வழியில்லாதவங்க, உயில் கூட எழுதி வைக்காதவங்க, அவங்களுக்குத்தான் லெட்டர் வருது.

இன்னொண்ணு சொல்றேன், பாருங்க. இந்த நாட்டுல பரம்பரைச் சொத்துக்கு மத்திய அரசு வரி இருக்கு. 2026ல ஒருத்தர் 1.5 கோடி டாலர் வரைக்கும் விட்டுட்டுப் போனாலும் அந்த வரி ஒரு டாலர் கிடையாது. 1.5 கோடி டாலர்! கேன்டீன்ல வேலை பாக்கிற மகளுக்கு வர வேண்டிய ரெண்டு பெட்ரூம் வீட்டுக்கு மட்டும் முதல் டாலர்லேருந்தே கணக்குப் பாக்குறாங்க. வரிப்பணம், நியாயம்னு பேசுறவங்க இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும்னு கேட்டுக்கிறேன்.

சரி, இவ்வளவு பேரை அழ வச்சு அரசாங்கத்துக்கு எவ்வளவுதான் வருது?

மெடிக்கெய்ட் பத்தி அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்றதுக்குன்னு மேக்பேக்னு ஒரு கமிஷன் இருக்கு. அவங்க 2021 மார்ச்ல கொடுத்த அறிக்கையில இருக்கு. 2019 நிதியாண்டுல எல்லா மாநிலமும் சேர்ந்து வசூல் பண்ணது சுமார் 73.3 கோடி டாலர். கேக்கப் பெருசாத் தெரியும். ஆனா நீண்டகாலப் பராமரிப்புக்குப் போற 100 டாலருக்கு அரை டாலர் அளவுக்குத்தான் வருது. அந்த அரை டாலரும் முழுசா மாநிலத்துக்கு இல்ல. மத்திய அரசு எவ்வளவு பங்கு போட்டுச்சோ அந்தப் பங்கைத் திருப்பிக் கொடுக்கணும், அது பாதியோ அதுக்கு மேலயோ இருக்கும். வசூல் பண்ற செலவு வேற.

அந்தக் கமிஷனே சொல்லுச்சு, இதைக் கட்டாயமா வைக்காதீங்க, 1993க்கு முன்னாடி மாதிரி மாநிலங்களோட விருப்பத்துக்கு விட்டுடுங்கன்னு. கம்பெனிக்குக் கட்டின தொகைக்குப் பதிலா, வைத்தியத்துக்கு நிஜமா ஆன செலவை வசூலிக்க மாநிலங்களுக்கு அனுமதி கொடுங்கன்னும் சொல்லுச்சு. இலினாய் மாநிலத்துலேருந்து நாடாளுமன்ற உறுப்பினரா இருந்த ஜான் ஷகோவ்ஸ்கி இந்த வசூலையே நிறுத்தச் சொல்லி 2022ல மசோதா கொண்டு வந்தாங்க. அப்புறமும் கொண்டு வந்தாங்க. நிறைவேறல.

மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் மலையளவு. கலிஃபோர்னியாவுல முன்னாடி கண்ணுல பட்டதையெல்லாம் வசூல் பண்ணாங்க. 2016ல சட்டத்தை மாத்தினாங்க. 2017 ஜனவரி 1 அன்னிக்கோ அதுக்கு அப்புறமோ இறந்தவங்க விஷயத்துல, மத்திய சட்டம் கட்டாயம்னு சொல்றது மட்டும்தான், அதுவும் கோர்ட்ல புரோபேட்டுக்கு வர்ற சொத்துலேருந்து மட்டும்தான். மிச்சம் இருந்த புருஷனோ பொண்டாட்டியோ பின்னால இறந்தா அவங்க சொத்தைத் தொடக் கூடாதுன்னும் போட்டாங்க. மாசசூசெட்ஸ் 2024ல அதே மாதிரி மத்திய அரசு கேக்கிற குறைந்தபட்ச அளவுக்கு இறங்கிச்சு. டெக்சாஸ்ல மொத்தச் சொத்து 10,000 டாலருக்குள்ளயோ, மெடிக்கெய்ட் செலவு 3,000 டாலருக்குள்ளயோ இருந்தா கேக்க மாட்டாங்க. வாஷிங்டன் மாநிலத்துக் கதை எனக்குப் பிடிச்சது. ஒபாமா காலத்துல இன்சூரன்ஸ் இல்லாதவங்க எல்லாரும் கட்டாயம் எடுக்கணும்னு வந்துச்சு. வருமானம் கம்மியா இருந்தா மெடிக்கெய்ட். 55லேருந்து 64 வரைக்கும் வயசுள்ளவங்க, சாதாரண காய்ச்சலுக்கு வாங்குற வைத்தியத்துக்கும் நாளைக்கு வீடு போகும்ங்கிறதைப் படிச்சிட்டுப் பயந்து போனாங்க. விஷயம் பத்திரிகையில வந்துச்சு. 2013 டிசம்பர்லயே அந்த மாநிலம் விதியை மாத்திடுச்சு. மத்திய சட்டம் கட்டாயப்படுத்தாத செலவை விட்டுக்கொடுக்கிறது, மனசு வச்சா ஒரு கையெழுத்துல முடியற காரியம்தான்.

பக்கத்து வீட்டு அம்மா விஷயத்துல இன்னொரு வேதனை இருக்கு. அதைச் சொல்லாம விட முடியாது.

அவங்க அம்மாவை நர்சிங் ஹோம்ல விட மனசு வராம, பல வருஷம் அதே வீட்டுல கூடவே இருந்து பாத்துக்கிட்டாங்க. அதுக்காக முழுநேர வேலையைப் பாதி நேரமாக்கிக்கிட்டாங்க. ராத்திரி எழுந்து எழுந்து பாத்து அவங்களுக்கே இடுப்பு போச்சு. கடைசியில முடியாமத்தான் ஹோமுக்கு அனுப்பினாங்க. அந்த வருஷமெல்லாம் அரசாங்கத்துக்கு எவ்வளவு மிச்சம்!

இது சட்டத்துக்கும் தெரியும். இப்படி ரெண்டு வருஷமாவது கூடவே குடியிருந்து, நர்சிங் ஹோம் போறதைத் தள்ளிப்போட்ட பிள்ளைக்கு, அம்மாவோ அப்பாவோ வீட்டை எழுதிக் கொடுத்துடலாம். அந்த 5 வருஷ அபராதம் எதுவும் கிடையாது. மத்திய சட்டத்துலயே இருக்கு. ஆனா பெத்தவங்க உயிரோட இருக்கும்போதே பத்திரம் எழுதணும். கூட இருந்து பாத்துக்கிட்டதுக்கு டாக்டர் லெட்டர் மாதிரி ஆதாரம் வேணும். விண்ணப்பம் போட்ட அன்னிக்கு அவங்களுக்கு யாரும் இதைச் சொல்லல. ஃபாரத்தோட கடைசிப் பக்கங்கள்ல, உரிமைகள் கடமைகள்னு பொடி எழுத்துல ஓடுற இடத்துல, "எஸ்டேட்டிலிருந்து மீட்கப்படலாம்"னு ஒரு வரி மட்டும் இருந்திருக்கு. ஹோம்ல அம்மாவைச் சேக்குற அன்னிக்கு, கண்ணுல தண்ணியோட அதைப் படிச்சுப் புரிஞ்சுக்கிற மகள் யாரு?

இப்ப அவங்களுக்கு மிச்சம் இருக்கிற வழி ஹார்ட்ஷிப் வெய்வர். அதாவது, இதை எடுத்தா நான் நடுத்தெருவுல நிப்பேன்னு மனு போடுறது. எல்லா மாநிலமும் இதுக்கு ஒரு வழி வச்சே ஆகணும். சாதாரண மதிப்புள்ள வீடா இருந்தா கருணை காட்டுங்க, அந்த கவுன்ட்டியில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வீடுகளோட சராசரி விலையில பாதி இல்ல அதுக்கும் கீழ இருந்தா சாதாரண மதிப்புன்னு எடுத்துக்கலாம்னு மத்திய அரசோட பழைய வழிகாட்டி ஒண்ணுல இருக்கு. குடும்பத்துக்குச் சோறு போடுற ஒரே சொத்தா இருக்கிற சின்னப் பண்ணைக்கும் அதே மாதிரி. ஆனா மாநிலங்கள் அதை அப்படியே எடுத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. நாங்க அந்த வழிகாட்டியைக் காட்டி, வீட்டு விலைக் கணக்கு, சம்பளச் சீட்டு, டாக்டர் லெட்டர், பாதி நேர வேலைக்கு மாறினதுக்குப் பள்ளிக்கூடத்துக் கடிதம் எல்லாம் சேத்து மனு போட்டிருக்கோம். இன்னும் பதில் வரல. வசதி இல்லாதவங்களுக்கு இலவசமா உதவுற சட்ட உதவி மையம் ஒண்ணு இப்போ கேஸைக் கையில எடுத்திருக்கு. அவங்ககிட்ட முதல்லயே போயிருக்கலாம், உங்களுக்கு இப்படி வந்தா முதல் வேலையா அதைப் பண்ணுங்க.

கடைசியா, நம்ம வீடுகளுக்கு.

இங்க இருக்கிற தமிழ்க் குடும்பங்கள்ல பிள்ளைங்க கூட வந்து செட்டில் ஆன அப்பா அம்மா நிறைய பேர் மெடிக்கெய்ட்ல இருக்காங்க. (கிரீன் கார்டு வாங்கிப் பொதுவா 5 வருஷம் ஆனப்புறம்தான் அது கிடைக்கும்.) ஒரு தோழி பதறிப் போய்க் கேட்டா, "அத்தை மெடிக்கெய்ட்ல இருக்காங்க, நாங்க லோன் போட்டு வாங்கின வீட்டை எடுத்துக்குவாங்களா?"

இல்ல. வீடு உங்க பேர்ல இருந்தா அதைத் தொட முடியாது. இறந்தவங்க பேர்ல இருக்கிறதுலேருந்துதான் வசூல். இந்த வசூலுக்காகப் பிள்ளைங்க சொந்தக் காசுலேருந்து ஒரு டாலர் கட்ட வேண்டியதில்ல. சொத்து 40,000 டாலர், கிளெய்ம் ஒரு லட்சம்னா, அந்த 40,000தோட கதை முடிஞ்சது.

ஆனா அப்பா அம்மா பேரையும் பத்திரத்துல சேத்து வாங்கியிருந்தா உஷாரா இருங்க. கூட்டுப் பேர்ல இருக்கிற பங்கையும் சில மாநிலங்கள் எஸ்டேட்னு எடுத்துக்கும், சில மாநிலங்கள் எடுத்துக்காது. ஊர்ல அவங்க பேர்ல வீடு, நிலம், பேங்க் டெபாசிட் இருந்தா, அது கும்பகோணமா இருந்தாலும் விண்ணப்பத்துல சொல்லியே ஆகணும். மறைச்சா அது வேற வம்பு. உங்க மாநிலத்துல முதியோர் சட்டம் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தரை ஒரு மணி நேரம் பாத்துப் பேசிடுங்க. ஃபீஸ் வலிக்கும், பரவால்ல. அப்பா அம்மா நல்லா நடமாடிட்டு இருக்கும்போதே பேசுங்க. சாவைப் பத்திப் பேசுறது அபசகுனம்னு நம்ம வீட்டுல வாயை அடைப்பாங்க, அடைக்கட்டும், அப்பவும் பேசுங்க.

இன்னொரு விஷயம், இதுக்குப் பயந்துக்கிட்டு மெடிக்கெய்டே வேண்டாம்னு மட்டும் யாரும் இருந்துடாதீங்க. வீட்டைக் காப்பாத்தணும்னு வைத்தியமே வாங்காம இருக்கிற பெரியவங்களும் இருக்காங்க. வீடு பின்னால. சர்க்கரைக்கு மருந்தும் கண்ணுக்கு ஆபரேஷனும் முன்னால.

லெட்டர் வந்துடுச்சுன்னா, மேல இருக்கிற தேதியை முதல்ல பாருங்க. ஹார்ட்ஷிப் மனுவுக்கு ஒரு கெடு இருக்கும், பெரும்பாலும் ரொம்பக் குறுகின கெடு. துக்கத்துல அதைத் தவற விடுறவங்கதான் அதிகம். வர்ற பேப்பர் எதையும் தூக்கிப் போடாதீங்க, கவரைக் கூட வச்சுக்கோங்க, தபால் முத்திரைத் தேதி உதவும். விவரமான கணக்கு வேணும்னு எழுத்துல கேளுங்க, போன்ல சொன்னதை நம்பாதீங்க. 55 வயசுக்கு முன்னாடி ஆன செலவு அதுல கலந்திருக்கான்னு பாருங்க. நிரந்தரமா ஊனமான அண்ணனோ தங்கையோ இருந்தா, அது ஒண்ணே போதும், முதல் கடிதத்துலயே எழுதிடுங்க. வீட்டை விக்கச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினா, மனுவுக்குப் பதில் வர்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க.

உங்க மாநிலத்துல இது எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சா கீழ எழுதுங்க. மனு போட்டு ஜெயிச்சவங்க யாராவது இருந்தா, என்னென்ன பேப்பர் வச்சீங்கன்னு கட்டாயம் எழுதுங்க. இங்க ஓட்டுப் போடுறவங்க உங்க தொகுதி உறுப்பினர் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டு, 2021ல கமிஷன் சொன்னது என்ன ஆச்சுன்னு கேளுங்க. நான் கேட்டேன். பதில் அனுப்புறோம்னு சொல்லியிருக்காங்க, வரலேன்னா திரும்பக் கேப்பேன்.